கதவு வாங்கும் வெயில்

காரைக்குடியில், செட்டிநாட்டு வீடுகளின் பழைய தேக்குக் கதவுகளைச் சுரண்டிப் புதுப்பிக்கும் பாலிஷ் பட்டறை அது. வாசலில் ஒரு பர்மாத் தேக்குக் கதவைக் கிடத்தியிருந்தார்கள். மேலே அடித்திருந்த பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் செதில் செதிலாக எழும்பியிருந்தது. அடியில் மரம் சாம்பல் பூத்துக் கிடந்தது. மூத்த மேஸ்திரி ஒரு செதிலை உரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "பாலிஷ் கெடல சார். மரந்தான் விட்ருச்சு" என்றார்.

வேதியியல் சொல்வதும் அதையேதான். பாலிஷ் தெளிவாக இருப்பதாலேயே புற ஊதாக் கதிர் அதைக் கடந்து மரத்துக்குள் இறங்குகிறது. மரநார்களைப் பிணைத்து வைத்திருக்கும் லிக்னின் அதில் சிதைகிறது. பிடிமானம் போன மரத்தின்மேல் எந்தப் பூச்சும் நிற்காது. துத்தநாக ஆக்சைடு, சீரியம் ஆக்சைடு போன்றவற்றை நானோ துகளாகப் பாலிஷில் கலப்பது இதற்குத்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். துகள் அதைவிட மிகச் சிறியதாக, சில பத்து நானோமீட்டரில் இருந்தால் தேக்கின் ரேகை மறையாது, புற ஊதாக் கதிர் மட்டும் தடைபடும். ஆனால் இத்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் குணமுள்ளவை. திரண்டுவிட்டால் பாலிஷ் மங்கிப்போகும். அதனால் துகளின் மேற்பரப்பில் சிலேன் சேர்மங்களைப் பிணைத்து, ஆலையிலேயே சீராகப் பரப்பி அனுப்புகிறார்கள். பட்டறையில் பொடியை வாங்கிக் குச்சியால் கலக்கிச் செய்கிற வேலையல்ல இது.

உள்ளே ஓர் இளைஞர் பேஸ், ஹார்டனர், தின்னர் மூன்றையும் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தார். பேஸில் பாலியால், ஹார்டனரில் ஐசோசயனேட். 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் குழுவினர் கண்டறிந்த வினைதான் இன்றும் இந்த டப்பாவுக்குள் நடக்கிறது. "மழை மூட்டம்னா ஸ்ப்ரே கன்னத் தொடமாட்டோம் சார், பொரிப்பொரியாக் கெளம்பிரும்" என்றார். ஈரம் பட்ட ஐசோசயனேட் கரியமில வாயுவை விடுகிறது. அந்த வாயுதான் அவர் சொல்லும் பொரி.

பாலிஷுக்குக் காட்டும் இந்த எச்சரிக்கை அவருடைய மூச்சுக்கு இல்லை. முகத்தில் கட்டியிருந்தது வெறும் கைக்குட்டை. நெடி அடங்கினால் ஆபத்து அடங்கிவிட்டது என்று அங்கே நம்புகிறார்கள். நெடி தின்னருடையது. ஐசோசயனேட் மூக்குக்குத் தெரியாத அளவிலேயே நுரையீரலைத் தாக்கி ஆஸ்துமா உண்டாக்கக்கூடியது. ஒருமுறை உடலுக்கு அது ஒவ்வாமையாகிவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு இறுகும். துணி இதைத் தடுக்காது. வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகமூடியும் நல்ல காற்றோட்டமும் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல் இந்தவகை ஹார்டனரைப் பயிற்சி பெறாதவர் தொழிலில் கையாள முடியாது. அதே பயிற்சி இந்த இளைஞருக்கும் உரியது.

இந்தத் துறையில் நானோ துகளால் கிடைக்கும் பெரிய நன்மை மினுமினுப்பில் இல்லை என்றே நினைக்கிறேன். தண்ணீரில் கலந்து வரும் ஒற்றை டப்பா பி.யூ.வில் மூலக்கூறுச் சங்கிலி ஆலையிலேயே கோக்கப்பட்டுவிடுகிறது. ஹார்டனர் தேவையில்லை. குறை, படலம் சற்று மென்மையாக இருப்பது, சீக்கிரம் கீறல் விழுவது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் நானோ சிலிக்கா உதவுகிறது. அது தண்ணீர்க் கரைசலாகவே கிடைப்பதால் இதோடு சேர்ப்பதும் எளிது. கீறாத மேசை நமக்கு வசதி. ஹார்டனர் இல்லாமலே மேசை கீறாதென்றால், அதை அடிப்பவருக்கு அது பிழைப்பும் ஆயுளும்.

மேஸ்திரியிடம் இதைச் சொன்னேன். அவர் ஏற்கெனவே அந்தத் தண்ணீர்ப் பாலிஷை ஒரு லிட்டர் வாங்கி, அலமாரிப் பலகை ஒன்றின் பின்பக்கம் அடித்து வைத்திருந்தார். "தண்ணி பட்டதும் நாரு எந்திரிச்சுக்கிருது சார். உப்புத்தாளு இன்னொரு தடவ போடணும். கூலி கூடும்" என்றார். அந்தக் கூலியை வீட்டுக்காரர்கள் தரச் சம்மதிப்பார்களா என்று கேட்டேன். "மூச்சுக்குன்னு சொன்னா தரமாட்டாங்க. நெடி இல்லாத பாலிஷுன்னா தருவாங்க" என்று சொல்லிவிட்டு, வாசல் கதவைச் சுரண்டப் போனார்.