அவள் பெயர் என்ன? அவள் கூலி எவ்வளவு?

பெண்ணை மையமாக வைத்து ஒரு படம் வந்துவிட்டால் அந்த வாரம் எங்கள் வட்டத்தில் வேறு பேச்சே ஓடாது. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள். கல்லூரி மாணவிகள் இருக்கிறார்கள், துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர்கள் இருக்கிறார்கள், ஒரு செவிலியர் இருக்கிறார், சட்டம் படிக்கிற ஒருத்தி இருக்கிறாள். எங்களில் பாதிப் பேரின் அம்மாக்கள் வீட்டுவேலைக்குப் போகிறவர்கள் அல்லது சித்தாள்கள். மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடி ஒரு படத்தையோ தொடரையோ புத்தகத்தையோ எடுத்துப் பேசுவோம். பேசிப் பேசி எங்களுக்கென்று மூன்று கேள்விகள் சேர்ந்திருக்கின்றன. அவை உங்களுக்கும் பயன்படும் என்று நினைக்கிறோம்.

ஒரு படத்தில் பெண்களுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க 'பெக்டெல் சோதனை' என்று ஒன்றைச் சொல்வார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த அலிசன் பெக்டெல் 1985இல் வரைந்த படக்கதையிலிருந்து வந்தது. படத்தில் இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும், அந்தப் பேச்சு ஆணைப் பற்றியதாக இருக்கக் கூடாது. நல்ல சோதனைதான். ஆனால் எங்கள் ஊர் நிலைமைக்கு இது போதாது. வீட்டுக்கார அம்மா, வேலைக்கு வந்த பெண்ணிடம் "அந்தக் குக்கரை நல்லா தேய்ச்சு வை" என்று சொல்லி, அவள் "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டால் ஏறக்குறைய தேறிவிடும்!

அதனால் நாங்கள் கேட்பது இவை. வேலை செய்கிற பெண்ணுக்குப் பெயர் இருக்கிறதா? அவளுடைய கூலி கதைக்குள் வருகிறதா? கதாநாயகிக்கு விடுதலை கிடைக்கும்போது அவள் எங்கே இருக்கிறாள்?

2021இல் வந்த மலையாளப் படம் 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' பற்றிப் பேசிய அன்று எங்களுக்குள் சண்டையே வந்தது. ஜியோ பேபி இயக்கிய படம். விடிந்தால் அடைந்தால் அடுப்படி, எச்சில் தட்டு, அடைத்துக்கொள்கிற தொட்டி, அதில் தேங்கும் அழுக்குத் தண்ணீர். மாதவிலக்கு வந்தால் மருமகளை ஓர் அறையில் ஒதுக்கிவைக்கிறார்கள். கடைசியில் அந்த அழுக்குத் தண்ணீரை ஆண்கள் மீதே ஊற்றிவிட்டு வெளியேறுகிறாள். எங்களில் திருமணமான அக்கா ஒருவர், "சாதி எதுவானாலும் அந்தத் தொட்டி என் வீட்டிலும் இருக்கிறது" என்றார். உண்மைதான். யாரும் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் படத்தில் இன்னொரு பெண் இருக்கிறாள், உஷா. மருமகள் ஒதுக்கப்பட்டிருக்கும் நாட்களில் அடுக்களை வேலைக்கு வருகிறவள். தனக்கு மாதவிலக்கு வந்தாலும் வேலைக்குப் போய்விடுவேன், வீட்டில் இருந்தால் பிழைப்பு எப்படி நடக்கும் என்று பேச்சோடு பேச்சாகச் சொல்கிறாள். தீட்டு என்பது கூலி வாங்காத பெண்ணுக்கு ஒதுக்கமாகவும், கூலி வாங்குகிற பெண்ணுக்குப் பட்டினியாகவும் இருக்கிறது என்பதை இந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. படத்தில் மருமகளுக்குப் பெயர் சொல்லப்படுவதில்லை, உஷாவுக்குப் பெயர் உண்டு. முதல் இரண்டு கேள்விகளிலும் படம் தேறுகிறது. படத்தின் தொடக்கத்தில் ஒலிக்கும் பாட்டும் தலித் எழுத்தாளர் மிருதுளாதேவி எழுதியது.

மூன்றாவது கேள்விக்கு வந்தபோதுதான் சத்தம் கூடியது. மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் மகள் கேட்டாள்: "அந்த அக்கா தண்ணியை ஊத்திட்டுப் போயிட்டாங்க. தரையை யார் தொடைச்சிருப்பா?" அதோடு விடவில்லை. "அதுகூடப் பரவாயில்லை. நம்ம அம்மாவையெல்லாம் அடுக்களைக்குள்ள விடுவாங்களா? சமையலுக்கு வேற ஆள். நமக்குப் பின்பக்கத்துப் பாத்திரமும் பாத்ரூமும்தானே?" வீட்டுவேலை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் யார் சமைக்கலாம், யார் கழிப்பறை கழுவ வேண்டும் என்பதைப் பல வீடுகளில் இன்றும் சாதிதான் முடிவு செய்கிறது.

திருமணமான அக்காவுக்குக் கோபம். "ஒரு பெண் துணிந்து வெளியே வந்த கதையை நாமே குறை சொன்னால் ஆண்களுக்குத்தானே கொண்டாட்டம்?" என்றார். இந்தக் கேள்வியை நாங்கள் தள்ளிவிடவில்லை. அவள் வெளியேறியது எங்களுக்கும் வெற்றிதான். ஆனால் உஷாவும் அந்த வீட்டிலிருந்து தலை நிமிர்ந்து வெளியேறும் நாள் வரை அந்த வெற்றி பாதிதான். இரண்டையும் சேர்த்துச் சொல்வது குறை சொல்வதாகாது.

தொலைக்காட்சிக்கு வருவோம். 2003 முதல் 2009 வரை சன் டிவியில் 1500 அத்தியாயங்களுக்கு மேல் ஓடிய 'கோலங்கள்' எங்கள் அம்மாக்களின் தொடர். தேவயானி நடித்த அபி, கட்டடம் கட்டும் தொழிலில் ஆண்களோடு மோதி மேலே வருகிறவள். பகல் முழுக்கச் செங்கல்லும் கலவையும் சுமந்துவிட்டு வந்து, இரவில் கட்டட முதலாளியான ஒரு பெண்ணுக்காக அழுதவர்கள் எங்கள் தெருப் பெண்கள். அவர்களை ஏமாளிகள் என்று நாங்கள் நினைப்பதில்லை. ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து ஆண்களுக்கு உத்தரவு போடுவதைப் பார்ப்பதில் அவர்களுக்கு ஒரு நிறைவு இருந்தது. எங்களைப் படிக்க அனுப்பியதில் அந்த நிறைவுக்கும் பங்கு இருக்கலாம். ஆனாலும் கேட்கிறோம்: அபி கட்டிய கட்டடங்களில் கல் சுமந்த சித்தாளின் கதையை 1500 அத்தியாயம் எடுக்க யாருக்காவது தோன்றுமா?

செய்ய முடியாத காரியமல்ல இது. 1994இல் வந்த 'மகளிர் மட்டும்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1980இல் வந்த 'நைன் டு ஃபைவ்' என்ற ஆங்கிலப் படத்தைத் தழுவியது. அதில் மேலதிகாரியை எதிர்க்கும் மூன்று பெண்களும் மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்கள். தமிழில் அந்த மூவரில் ஒருத்தி, ரோகிணி நடித்த பாப்பம்மா, அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். ரேவதி, ஊர்வசி பாத்திரங்களோடு அவளும் சமமாகத் திட்டம் போடுகிறாள், சமமாகச் சிரிக்கிறாள். பாலியல் தொல்லை என்பது படித்த பெண்ணுக்கு மட்டும் நடப்பதில்லை என்பதை 'விசாகா' தீர்ப்பு வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே ஒரு நகைச்சுவைப் படம் சொல்லியிருக்கிறது. சாதியைப் பற்றிப் பேசாத படம்தான். ஆனால் துடைப்பம் பிடித்த பெண்ணைக் கதையின் நடுவில் நிறுத்தியது.

இதே கேள்விகளை நம் பக்கத்துப் படங்களிடமும் கேட்க வேண்டும். 'பரியேறும் பெருமாள்', 'கர்ணன்' எல்லாம் எங்களைத் தலை நிமிர வைத்த படங்கள். ஆனால் அவற்றில் அடிபடுகிறவனும் திருப்பி அடிக்கிறவனும் ஆண். அம்மாவும் அக்காவும் அழுகிறார்கள், காத்திருக்கிறார்கள். இதைச் சொன்னால் சில தோழர்கள், "முதலில் சாதி ஒழியட்டும், இதைப் பிறகு பேசலாம்" என்கிறார்கள். எத்தனை தலைமுறையாக இந்தப் 'பிறகு'?

இந்த விஷயத்தில் நம் எழுத்தாளர்கள் சினிமாவுக்கு வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள். சிவகாமி 1989இலேயே 'பழையன கழிதலும்' நாவலில், தலித் தலைவராக இருக்கும் அப்பனின் வீட்டு அதிகாரத்தை மகள் கௌரியின் கண்ணால் பார்க்க வைத்தார். 1994இல் வந்த பாமாவின் 'சங்கதி'யில் மாரியம்மாவை நிலக்காரன் கைப்பிடித்து இழுக்கிறான், அவள் தப்பி ஓடுகிறாள். அவன் முந்திக்கொண்டு பழியை அவள்மேல் போடுகிறான். கடைசியில் நம் சாதி ஆண்கள் கூடிய பஞ்சாயத்து அவளுக்கே அபராதம் விதிக்கிறது. வெளியே சாதி, உள்ளே ஆண். இரண்டும் ஒரே நாளில், ஒரே உடம்பின்மேல். அந்தப் பக்கங்களைப் படித்த அன்று எங்கள் வட்டத்தில் படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அவரவர் பாட்டிகளைப் பற்றிப் பேசினோம்.

திரையில் நம் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்கும் தங்கைகளுக்கு பி.கே. ரோசியின் கதையைச் சொல்கிறோம். மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' கதாநாயகி, தலித் பெண். திரையில் நாயர் பெண்ணாக வந்தார் என்பதற்காக ஆதிக்கச் சாதியினர் தாக்கினார்கள். ஊரைவிட்டுத் தப்பித் தமிழ்நாட்டுக்கு வந்து, மீண்டும் நடிக்காமலேயே வாழ்ந்து மறைந்தார். ஒரு பெண் எந்த வேடத்தில் நடிக்கலாம் என்பதைக்கூடச் சாதி முடிவு செய்தது. 2022இல் பா. ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' படத்தில் துஷாரா விஜயன் நடித்த ரெனே, தமிழ் என்ற தன் பெயரை மாற்றித் தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டவள். காதலன் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் அவனை விட்டு விலகுகிறாள். சத்தமாகச் சிரிக்கிறாள், காதலிக்கிறாள், வாதாடுகிறாள். அவளைப் பரிதாபப்பட யாருக்கும் வாய்ப்புத் தரவில்லை. எங்கள் வட்டத்தில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி அந்தப் படத்தை நான்கு முறை பார்த்தாள். "அழாத ஒருத்தியைப் பார்க்கணும் போல இருந்துச்சு" என்றாள்.

தங்கைகளே, தோழர்களே, உங்கள் விடுதியிலோ தெருவிலோ நான்கு பேர் சேர்ந்தாலே போதும். ஒரு படம் பாருங்கள், அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அம்மாக்களையும் கூப்பிடுங்கள். வேலை முடிந்து வரும் நேரத்துக்குக் கூட்டத்தை வையுங்கள், அவர்கள் முதலில் பேசட்டும். அவர்கள் சொல்வதை, அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள். நாளைக்கு நம்மில் ஒருத்தி கேமராவைக் கையில் எடுக்கும்போது அவளுக்குக் கதைக்குப் பஞ்சம் இருக்கக் கூடாது.

ஜெய் பீம்.