முதல் இரண்டு நாட்கள்

“இலவச வைத்தியம் தந்தால் மக்கள் அதன் அருமை அறியார், செலவில் ஒரு பங்கை நோயாளியின் தலையிலும் வை, உடலைப் பேணுவோனுக்குப் பரிசு கொடு!” என்று பேசுகின்றனர் பொருளாதார வித்தகர்கள். இனிக்கிறது பேச்சு. திருப்பூரின் பனியன் கம்பெனி வாயிலிலே அதை உரைத்துப் பார்க்க வேண்டாமா நாம்?

செலவைப் பங்கிடுவது இங்கே புதிதல்ல. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த இ.எஸ்.ஐ. திட்டம், 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கி, 1955-இல் கோவைக்கு வந்தது. 2019 சூலை முதல் நூறு ரூபாய்க் கூலிக்குத் தொழிலாளி தருவது 75 காசு. முதலாளி தருவது மூன்றேகால் ரூபாய். மாதம் 12,000 ரூபாய் பெறும் தையற்காரியின் பங்கு 90, கம்பெனியின் பங்கு 390. மருந்தக வாசலிலே கட்டணமில்லை. குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. 1883-இல் செர்மனியில் பிசுமார்க் கண்ட திட்டத்திலோ, மூன்றில் இரு பங்கு தொழிலாளியின் தலைமீது! நம்முடையது நயமானதே. மகிழ்கிறோம்.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு வரி இருந்தது. நோயுற்றவருக்குக் கூலியில் நூற்றுக்கு எழுபது, ஆண்டில் 91 நாட்கள் வரை உண்டு. முதல் இரண்டு நாட்களுக்கு மட்டும் இல்லை! ஏனாம்? பொய்க் காய்ச்சல் நடிப்பார்களாம்! (கோப்பிலே கையெழுத்திடும் அதிகாரிக்குத் தற்செயல் விடுப்பு உண்டு, அவரை எவரும் நடிகர் என்பதில்லை.)

நாம் பாடஞ்சொல்லும் வகுப்பிலே ஒரு சிறுவன் இரண்டு நாள் வரவில்லை. தேடிச் சென்றோம். தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். தாய்க்குக் காய்ச்சல், தாயோ வீட்டில் இல்லை, ஒன்றரை ஷிப்டுக்குப் போயிருந்தாள். இரவு திரும்பியவளிடம், “ஓய்வெடுக்கலாகாதா, அம்மா?” என்றோம்.

“மூணாம் நாள்ல இருந்துதான் காசு வருமுங்களாம் சார். அதுக்குள்ள காய்ச்சலே போயிருமுங்க. சனிக்கிழமைச் சம்பளம் கொறஞ்சா வாடகைக்கு என்ன பண்றதுங்க?”

காய்ச்சல் போகவில்லை. ஐந்தாம் நாள் மார்புச்சளியோடு விழுந்தாள். ஒன்பது நாள் எழவில்லை. தொடக்கத்திலேயே படுத்திருந்தால் விரைவில் தேறியிருப்பாளா? மருத்துவர் சொல்லட்டும். கணக்கை நாம் சொல்லுவோம். நாட்கூலி 400 ரூபாய்க்கு எழுபது விழுக்காடு 280. முதல் இரண்டு நாளுக்கு 560 ரூபாய் தர மறுத்த ஏற்பாடு, பின்னர் ஏழு நாளுக்கு 1,960 ரூபாய் தந்தது. சிக்கனமாம்!

நல்ல நடத்தைக்கு ஊக்கம் தர இத்திட்டத்துக்குத் தெரியாததல்ல. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டால் ஆணுக்கு ஏழு நாள், பெண்ணுக்குப் பதினான்கு நாள் முழுக்கூலி என்றே வகுத்தனர். போற்றுகிறோம் அதனை! அந்த முழுக்கூலியைக் காய்ச்சலின் முதல் இரண்டு நாளுக்கும் நீட்டுங்கள் என்கிறோம். நோயோடு எந்திரத்தின் முன் குந்தாதிருப்பதும் நல்ல நடத்தைதானே?

இவ்வளவும் பதிவேட்டில் பெயர் உள்ளோருக்கு. பத்துப் பேருக்குக் குறைந்த பவர்டேபிள் கூடங்கள் சந்துக்குச் சந்து இருக்கின்றன. பீஸ் கணக்கில் கூலி. அங்கே தைப்பவளுக்கு மூன்றாம் நாளும் இல்லை.