ஆமை புகுந்த வீடு

விருத்தாசலத்தில் வந்து குடியேறிய பிறகு, "மரம் கடையப் போகிறேன்" என்று நான் சொன்னபோது நண்பர்கள் சிரித்தார்கள். சிரிப்பதற்கு நியாயம் உண்டு. இது மண்ணை நம்பி வாழும் ஊர். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் களிமண் இங்கே வந்து பொம்மையாகிறது, அகல் விளக்காகிறது, மின்சாரப் ப்யூஸ் கட்டையாகிறது. பீங்கான் தொழிலைக் கற்பிக்க அரசினர் பயிலகமே இருக்கிறது. பீங்கான் நகரம் என்று பெயர் வாங்கிய ஊரில் ஒருவன் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?

குற்றம் என்னுடையதல்ல, ஒரு பலாக்கட்டையினுடையது.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது உங்களுக்கு நினைவிருக்கும். பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. இரண்டு வாரம் கழித்து அந்த வழியே போனபோது, பாட்டன் வைத்த பலா மரத்தை ஒரு விவசாயி விறகாக அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்த முகம் மஞ்சள் பூசிக் குளித்தாற்போல் இருந்தது. வீணைக் குடம் ஆகவேண்டிய மரம் அடுப்புக்குப் போகிறதே என்று மனம் கேட்கவில்லை. பத்தங்குல அகலத்தில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, இரு முனையிலும் மெழுகு பூசிக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்தேன். பல வருஷம் அது அங்கேயே கிடந்து உலர்ந்தது. நான் அதற்கு மேலே படுத்துக் கிடந்து உலர்ந்தேன். இருவரும் பக்குவமாகிவிட்டோம் என்று ஒரு நாள் தோன்றியது.

கடைசல் எனக்குப் புதிதல்ல. பள்ளி விடுமுறைக்குப் பாட்டி ஊரான அம்பாசமுத்திரத்துக்குப் போவேன். சொப்புச் சாமான் கடையும் பட்டறை ஒன்று தெருக்கோடியில் இருந்தது. தரையிலே இரண்டு கட்டைகள், அவற்றில் எதிரெதிராக இரண்டு இரும்பு முளைகள், நடுவே மரத்துண்டு. அதைச் சுற்றிய கயிற்றை ஒருவர் மாற்றி மாற்றி இழுக்க, மரம் முன்னும் பின்னும் சுழலும். முன்னே சுழலும்போது உளி கடிக்கும். பின்னே சுழலும்போது சும்மா இருக்கும். கடைந்து முடிந்ததும் அரக்குக் குச்சியை வைத்து அழுத்துவார்கள். உராய்ந்த சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலால் ஒரு தேய்ப்பு. சொப்பு பளபளவென்று சிரிக்கும். நான் கயிறு இழுக்கும் உத்தியோகத்தில் இருந்தேன். சம்பளம் ஒரு பம்பரம்.

சுழலும் மரத்தையே நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பேன். பட்டறை அண்ணாச்சி அதட்டுவார். "ஏலே, சுத்துறதை என்னத்துக்குப் பாக்கே? சுத்தாம நிக்குல்லா ரெண்டு முளை, அதைப் பாருலே!"

அந்த வார்த்தையின் அர்த்தம் விளங்க எனக்கு ஓர் இரத்தக் காயம் தேவைப்பட்டது. அதுவும் என் உடம்பில் அல்ல.

சென்னையில் இருந்த காலத்தில், முதல் நாவலுக்குக் கிடைத்த பணத்தில், மோட்டார் வைத்த சிறிய லேத் ஒன்று வாங்கினேன். ஆங்கிள் இரும்பில் கால்; எடை குறைவு; விலை அதைவிடக் குறைவு. ஒரு வாரம் முழுவதும் பம்பரமாகக் கடைந்து தள்ளினேன். அடுத்த ஞாயிறு பெரிய மனது வந்து, ஒன்பதங்குலப் புளியங்கட்டை ஒன்றை மாட்டினேன். மூலைகளைச் செதுக்கவில்லை. ஓரத்து வெடிப்பைக் கவனிக்கவில்லை. பம்பரத்துக்காகப் போட்டிருந்த வேகமான புல்லியிலிருந்து பெல்ட்டை மாற்றவும் இல்லை. சுவிட்சைத் தட்டினேன். லேத் தரையிலே நடக்க ஆரம்பித்தது. அதே நிமிஷம் என் மனைவி காப்பியோடு கதவைத் திறந்தாள்.

கட்டை சுவரில் மோதித் திரும்பி அவள் நெற்றியில் பட்டது. இடது புருவத்துக்கு மேலே ஆறு தையல். கண் தப்பியது தெய்வச் செயல். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரமே வந்த விலைக்கு லேத்தைத் தள்ளிவிட்டேன். அதன் பிறகு எத்தனையோ கதைகளில் எத்தனையோ பேரை அழ வைத்திருக்கிறேன். ஒரு கதையிலும் தச்சனையோ கடைசல்காரனையோ கொண்டுவரத் துணியவில்லை.

இப்போது கட்டிலுக்கு அடியில் பலாக்கட்டை. மருமகளுக்கு ஐந்து மாதம். தொட்டில் கம்பும் கிலுகிலுப்பையும் கடைந்துவிட்டு, அந்தப் பலாக்கட்டையில் ஒரு கிண்ணமும் கடையவேண்டும் என்று கை துறுதுறுக்கிறது. சுந்தரர் இந்த ஊர் மணிமுத்தாற்றிலே பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்திலே எடுத்தார் என்பார்கள். நான் சென்னையிலே தொலைத்ததை மணிமுத்தாற்றங்கரையிலே தேட ஆரம்பித்தேன். ஆனால் வீட்டில் எப்படி வாயைத் திறப்பது?

அவளே திறந்தாள். "கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போதெல்லாம் அந்தக் கட்டை துடைப்பத்தில் இடிக்கிறது. ஒன்று அதைக் கடையுங்கள், இல்லாவிட்டால் அடுப்பிலே போடுகிறேன்."

"மறுபடியும் லேத் வாங்கச் சொல்கிறாயா?"

"வாங்குங்கள். இந்தத் தடவை யோசித்து வாங்குங்கள்." சொல்லிவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டாள். வியர்வையைத் துடைத்தாளோ என்னவோ. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

யோசிக்க ஆரம்பித்தேன்.

முதலில் உள்ளூர் லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்தது இரும்பு கடையும் லேத். அதில் உளியை இயந்திரமே பிடித்துக்கொள்ளும். மரம் கடைபவனோ உளியைத் தன் கையால் பிடித்து, தாங்கியின் மேல் வைத்து, மரத்தோடு பேசிக்கொண்டே நகர்த்த வேண்டும். இரண்டுக்கும் பெயர் ஒன்று, ஜாதகம் வேறு.

பிறகு ஒரு பெரிய நகரத்துக் கடையில் புத்தம் புதிய மேஜை லேத்தைக் காட்டினார்கள். விற்பனையாளர் சுறுசுறுப்பான பிள்ளை. "பாருங்க சார், ஒரே ஆள் தூக்கிடலாம்!" என்று உற்சாகமாகத் தூக்கியும் காட்டினார். அவர் தூக்கியதும் என் நெஞ்சு விழுந்துவிட்டது. மனிதன் தூக்கும் லேத்தைக் கட்டையும் தூக்கும்.

"இதன் மிகக் குறைந்த வேகம் எவ்வளவு?" என்று கேட்டேன். நிமிஷத்துக்கு 750 சுற்று என்றார். எவ்வளவு வேகமாய் ஓடும் என்றுதான் எல்லோரும் கேட்பார்களாம். மெதுவாக ஓடுமா என்று கேட்ட முதல் ஆள் நான்தானாம்.

கடைசல்காரர்களிடம் ஒரு வாய்க்கணக்கு உண்டு. கட்டையின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து, வேகத்தால் பெருக்கினால், விடை 6,000-க்கும் 9,000-க்கும் இடையில் இருக்க வேண்டும். இரண்டங்குலத் தொட்டில் கம்புக்கு 3,000 சுற்று தாங்கும். பத்தங்குலப் பலாவுக்கு 600 முதல் 900 வரைதான். அதுவும் உருண்டையான பிறகு. கோணல்மாணலாய் இருக்கும்போது அதற்கும் கீழே தொடங்க வேண்டும். பழைய புளியங்கட்டைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது அங்குலம், சுமார் 2,800 சுற்று: விடை 25,200. எனக்கு அன்று வந்தது விபத்தல்ல. கணக்கிலே வாங்கிய சைபர்.

அன்று மாலை பக்கத்து வீட்டுப் பீங்கான்காரரிடம் புலம்பினேன். சக்கரத்திலும் அச்சிலும் நாற்பது வருஷம் மண்ணோடு பழகியவர். "எங்க மண்ணு பரவாயில்லைங்க. கோணிப்போனா பிசைஞ்சு மறுபடி போட்டுக்கலாம். சூளைக்குப் போற வரைக்கும் மன்னிக்கும். உங்க மரம் அப்படியில்லை, சீவினது சீவினதுதான்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆனா ரெண்டுக்கும் ஒரு விஷயம் பொதுங்க. அடி ஆடினா மேலே எதுவும் உருப்படாது" என்றார்.

இரவு படுத்தபடி யோசித்தேன். மோர் கடைவது, மரம் கடைவது, பாற்கடல் கடைந்தது எல்லாவற்றுக்கும் தமிழில் ஒரே சொல். பாற்கடல் கதையும் எங்கள் அம்பாசமுத்திரத்துப் பட்டறைதானே! மந்தர மலை மத்து, வாசுகி கயிறு, இந்தப் பக்கம் ஒரு கூட்டம் இழுக்க, அந்தப் பக்கம் ஒரு கூட்டம் இழுக்க, மலை முன்னும் பின்னும் சுழல்கிறது. அடித்தளத்தைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. மலை முழுகிப் போயிற்று. கடைசியில் பெருமாள் ஆமையாகிக் கீழே படுத்துக்கொண்ட பிறகுதான் வேலை நடந்தது. தேவர்களே செய்த தவற்றை நானும் செய்தேன் என்பதில் கொஞ்சம் பெருமைகூட ஏற்பட்டது. எனக்கு வேண்டியது லேத் அல்ல, ஆமை.

ஆமை பண்ருட்டியில் அகப்பட்டது. கட்டில் காலும் மாடிப்படிக் கைப்பிடியும் கடைந்துகொண்டிருந்த ஒரு பழைய பட்டறை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மூலையில் தூசிக்கு அடியில் வார்ப்பிரும்புப் படுக்கையோடு ஒரு லேத் கிடந்தது. நாலு பேர் தூக்கினாலும் அசையாது. தலைப்பக்கத்து முனையையும் வால்பக்கத்து முனையையும் நெருக்கிப் பார்த்தேன். ஊசியும் ஊசியும் முத்தமிட்டாற்போல் நேர்க்கோட்டில் சந்தித்தன. சுழல் தண்டைப் பிடித்து ஆட்டினேன், பேரிங்கில் ஆட்டமில்லை. தண்டின் மரையை அளந்தேன். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் சக் அதில் பொருந்தும். படுக்கைக்கு மேலே முனையின் உயரம் ஏழங்குலம். ஆகவே பதினாலு அங்குலக் கட்டை வரை சுழலும். நீளவாக்கில் மூன்றரை அடி. தொட்டில் கம்புக்குத் தாராளம். ஓடவிட்டு, படுக்கையின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை விளிம்பில் நிறுத்தினேன். நின்றது.

ஒரே குறை, த்ரீ பேஸ் மோட்டார். என் வீட்டில் சிங்கிள் பேஸ். அதற்கும் இப்போது வழி இருக்கிறது. இன்வெர்ட்டர் டிரைவ் என்று ஒரு சின்னப் பெட்டி. வீட்டு மின்சாரத்தை மூன்றாகப் பிரித்து மோட்டாருக்கு ஊட்டுகிறது. குமிழைத் திருகினால் வேகம் குறையும். ஆனால் ஒன்று: அப்படிக் குறைத்தால் மோட்டாரின் சக்தியும் குறையும். ஆகையால் பெரிய கட்டை என்றால் பெல்ட்டையும் மெதுவான புல்லிக்கு மாற்றத்தான் வேண்டும். குமிழ் வந்துவிட்டதென்று புத்தியைக் கழற்றி வைக்க முடியாது.

லேத்தின் விலை படிந்தது. உளிகள், அவற்றைத் தீட்டச் சாணைக்கல், சக், முகக்கவசம் எல்லாம் சேர்ந்து அதே அளவு செலவு வைத்தன. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா? நிறுத்தும் பொத்தானை மட்டும் வால்பக்கத்துக்கு மாற்றச் சொன்னேன். கட்டை பறக்கக்கூடிய பாதைக்குக் குறுக்கே கை நீட்டித்தான் அதை நிறுத்த வேண்டுமென்றால், நிறுத்த நாம் இருக்க வேண்டுமே!

சின்ன லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, பின்கட்டில் சிமெண்டுத் தரையில் போல்ட் போட்டு இறக்கினோம். கூர்மாவதாரக் கதையை என் மனைவியிடம் விஸ்தாரமாகச் சொன்னேன்.

"ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்களே!" என்றாள்.

"இது விருத்தாசலம்" என்றேன். "விருத்தம் என்றால் பழையது, அசலம் என்றால் அசையாதது. பழையதும் அசையாததும் இந்த ஊருக்கே பெயர். லேத்துக்கும் பொருந்தும்."

"உங்களுக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பலாக்கட்டையின் மூலைகளைச் செதுக்கி, வெடிப்பு இருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, வால்முனையை நெருக்கி, கையால் ஒரு முறை சுற்றிவிட்டு, பொத்தானில் விரலை வைத்தேன். விரல் நடுங்கியது. வயதினால் அல்ல.

அவள் திரும்பி வந்தாள். கையில் காப்பி இல்லை. செம்மண் கிண்ணம் இருந்தது. லேத்துக்குப் பக்கவாட்டில், கட்டை சுழலும் நேருக்கு வெகு தூரம் விலகி, கோலத்துக்குக் காவி இடுவது போல் தரையில் ஒரு கோடு இழுத்தாள். அதற்கு அந்தப் பக்கம் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"ம், போடுங்கள். மெதுவாக."

போட்டேன். நானூறு சுற்று. லேத் அசையவில்லை. மஞ்சள் சுருள்கள் உளியின் மேல் வழிந்து விழுந்தன. பண்ருட்டித் தோப்பின் மணம் அறை முழுவதும் பரவியது. அரை மணி நேரம் அவள் அசையாமல் பார்த்தாள். சுழலும் கட்டையை அல்ல. போல்ட் போட்ட கால்களை. அண்ணாச்சி இருந்திருந்தால் அவளைத்தான் சீடனாக எடுத்துக்கொண்டிருப்பார்.

பிறகு எழுந்து போய்க் காப்பி கொண்டுவந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள். லேத்தை நிறுத்தி, கட்டை முற்றிலும் ஓயும் வரை காத்திருந்து, நான்தான் போய் வாங்கிக்கொண்டேன்.

செம்மண் கோடு அழிந்து அழிந்து, வெள்ளிக்கிழமைதோறும் புதிதாக விழுகிறது. இன்றுவரை காப்பி அதைத் தாண்டி வந்ததில்லை.