திட்டம் உடைந்த பிறகு

கல்லூரி அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிந்தே சாதனை குவித்த இளைஞன் ஒருவனைப் பற்றிப் பேச்சு வந்தால், பயிற்சியாளர்களில் யாராவது ஒருவர் உதட்டைப் பிதுக்குவார்: "அவன் சிஸ்டம் குவார்ட்டர்பேக்." அந்த எண்கள் பயிற்சியாளரின் ஆட்டமுறைக்குச் சொந்தம், பையனுக்கு அல்ல என்று அர்த்தம். பள்ளி அணியில் குவார்ட்டர்பேக்குகளை, அதாவது பந்தை எறியும் ஆட்டக்காரர்களை, பழக்குகிறவன் நான். அந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது.

டெக்சஸ் டெக் கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் மைக் லீச்சின், எறிதலையே நம்பும் 'ஏர் ரெய்டு' முறையில் ஆடிய பி.ஜே. சைமன்ஸ் 2003இல் ஒரே பருவத்தில் 5,833 கஜம் எறிந்தார். அன்றைக்கு அது தேசியச் சாதனை. ஆனால் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். ஆட்டக்காரர் தேர்வில் கடைசிச் சுற்றில்தான் விலைபோனார். பருவ ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. அதே கல்லூரியில், லீச்சிடம் ஆடிப் பழகிய கிளிஃப் கிங்ஸ்பரியின் கீழ் வளர்ந்தவர் பேட்ரிக் மஹோம்ஸ். 2016இல் ஓக்லஹோமாவுக்கு எதிராக 734 கஜம் எறிந்தும் தோற்றார். 2017இல் பத்தாவது ஆளாகத் தேர்வானார்; 2018இல் 50 டச்டவுன் எறிந்து லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். கல்லூரி எண்களை மட்டும் பார்த்து இந்த இருவரையும் பிரித்துச் சொல்லிவிட முடியாது.

கல்லூரி விதிகளே எறிபவனுக்குச் சாதகம். பந்தை வைக்கும் இரண்டு கோட்டு வரிசைகளுக்கு நடுவே அங்கே 40 அடி, என்.எஃப்.எல்லில் 18 அடி 6 அங்குலம். பந்து ஒரு ஓரத்தில் இருந்தால் மறுபக்கம் பரந்து கிடக்கும், தடுப்பவர்கள் சிதறியாக வேண்டும். முன்வரிசைக்காரர்கள் கல்லூரியில் மூன்று கஜம் முன்னேறிய பிறகும் பந்தை எறியலாம். தொழில்முறையில் ஒரே கஜம். அதனால் ஓட்டமா எறிதலா என்று கடைசி நொடியில் முடிவெடுக்கும் ஆட்டங்கள் கல்லூரியில் கொழிக்கின்றன. எறிபவன் முதலில் பார்க்கும் பந்து பிடிப்பவனே பலமுறை தடுப்பார் இல்லாமல் நிற்பான். அடுத்தவனைத் தேடும் வேலையே இராது.

எனவே வீடியோ பார்க்கும்போது அப்படிப்பட்ட எறிதல்களைத் தள்ளிவிடுவேன். மூன்றாவது முயற்சி, பத்து கஜம் பாக்கி, முதலில் பார்த்தவனைச் சுற்றி ஆள் நிற்கிறது. அங்கே நிறுத்துவேன். அப்போது நான் பார்ப்பது கையை அல்ல, காலை. பின்னங்கால் ஊன்றியதும் போயிருக்க வேண்டிய பந்து இன்னும் கையில் இருக்கிறது. தேறுகிறவன் ஒரு சின்னத் தத்தல் போட்டு, இடுப்பையும் முன்காலையும் அடுத்தவன் பக்கம் திருப்புவான். மற்றவனுக்குப் பார்வை தாழ்ந்து, தன்மேல் பாய வருகிறவர்களிடம் போய்விடும். கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், அல்லது காரணமில்லாமல் ஓடும். காலைத் திருத்திவிடலாம். தாழும் கண்ணைத் திருத்துவது பெரும்பாடு.

'சிஸ்டம்' என்ற முத்திரையை மட்டும் நம்பியவர்கள் ஏமாந்த கதையும் உண்டு. கல்லூரிப் பயிற்சியாளர் ஜெஃப் டெட்ஃபோர்டிடம் பயின்ற அகிலி ஸ்மித், ஜோயி ஹாரிங்டன், கைல் போலர் மூவரும் முதல் சுற்றில் தேர்வாகிச் சோபிக்காமல் போனார்கள். அந்தச் சந்தேகம் அவருடைய அடுத்த மாணவர் ஆரன் ராட்ஜர்ஸ் மீதும் விழுந்தது. 2005இல் 24ஆவது இடம்வரை காத்திருந்தார். பந்தைக் காதருகே தூக்கிப் பிடிப்பது அவர் கல்லூரியிலிருந்து கொண்டுவந்த பழக்கம். கிரீன் பே அணி அவரை மூன்று பருவம் மூத்த குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வுக்குப் பின்னால் உட்காரவைத்து, அந்தப் பிடியைக் கீழே இறக்கியது. ஆட்டமுறை ஒட்டியிருந்தது கையில்தான்; கண்ணில் அல்ல.

தொழில்முறையிலும் ஆட்டமுறை உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். 2016இல் முதல் ஆளாகத் தேர்வான ஜாரெட் காஃப், ராம்ஸ் அணிக்குத் தொடங்கி ஆடிய ஏழு ஆட்டங்களிலும் தோற்றார். மறு வருடம் ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்தார். அணியைச் சீக்கிரம் வரிசையில் நிறுத்தி, ஹெல்மெட் ரேடியோ துண்டிக்கப்படும் 15 நொடிக் கட்டத்துக்குள் எதிரணி நிற்கும் விதத்தைக் காதில் சொன்னார். நல்ல முன்வரிசைக்காரரும் புதிய பந்து பிடிப்பவர்களும் சேர்ந்தார்கள். 224 புள்ளியில் லீகின் கடைசியில் கிடந்த அணி 478 எடுத்து முதலிடத்துக்கு வந்தது.

கல்லூரி முறை திறமையை மறைக்கும், ஊதிக் காட்டும். உண்டாக்காது, அழிக்கவும் செய்யாது. பையனிடம் என்ன இருக்கிறது என்பதைத் திட்டம் உடைந்த ஆட்டங்களே சொல்லும். அது பிழைப்பு ஆகுமா என்பதில் பாதி, அவனை எடுக்கும் அணியின் பொறுப்பு. தோற்றவனைக் காட்டிக் கல்லூரியைப் பழிக்கும் அணிகள், தாங்கள் அவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம் என்பதற்கும் கணக்குக் காட்ட வேண்டும்.