தேளும் இல்ல, சிலந்தியும் இல்ல!

லீவுக்கு பள்ளிபாளையம் வந்தாச்சு. தறிச் சத்தம் கேட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும் :-) சரி, விஷயத்துக்கு வர்றேன்.

வீட்டுக்குப் பின்னாடி புளியமரம். அதுல ஏதோ ஒண்ணு தலையைப் பின்னால தூக்கி, நீளக் கால்களை விரிச்சு, வாலையும் மேல மடக்கி நின்னுச்சு. அமுச்சி சீமாறோட ஓடி வந்தாங்க.

"தொடாத கண்ணு, தேளு! கொட்டிப்போடும்!"

காலை எண்ணிப் பார்த்தேன். நெஞ்சுல ஆறுதான். தேளுக்கும் சிலந்திக்கும் எட்டு. வயித்துக்கு அடியில குட்டையா சதைக்கால்கள் வேற. அட, இது புழு! செருப்பு டப்பாவுல புளிய இலை போட்டு வளர்க்க ஆரம்பிச்சேன்.

பேர் ஸ்டாரோபஸ் ஆல்டர்னஸ். 1855-ல வாக்கர் வெச்ச பேர். இங்கிலீஷ்காரங்க இந்த வகைப் புழுவை லாப்ஸ்டர்னு சொல்றாங்க. சின்ன வயசுல பார்த்தா எறும்பு மாதிரியே இருக்கும். குடும்பம் நோட்டோடோன்டிடே. கிரேக்கத்துல 'முதுகுப் பல்'னு அர்த்தம். இந்தக் குடும்பத்துல பல அந்துப்பூச்சிகள் இறக்கையை மூடி உட்கார்ந்தா, முதுகுல செதில் கொத்து பல் மாதிரி துருத்திட்டு நிக்கும்.

புழு இவ்வளவு விசித்திரமா இருக்கே, சொந்தக்காரங்க யாருன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? காதை வெச்சுத்தான்! வௌவால் சத்தம் கேட்க நெஞ்சோட பின்பக்கம் காது இருக்கற கூட்டம் நாக்டுவாய்டியா. 2018-லிருந்து நம்ம மக்காச்சோளத்தைத் தின்னு தீர்க்குதே படைப்புழு, அதோட அந்துப்பூச்சியும் அந்தக் கூட்டம்தான். அதாவது இதுக்குப் பங்காளி. ஆனா அதோட காதுல கேட்கற செல் ரெண்டு, நம்மாளுக்கு ஒண்ணே ஒண்ணு. குடும்பம் பிரிஞ்சதுக்கு இதுவும் ஒரு அடையாளம்.

கொஞ்ச நாள்ல இலைகளுக்கு நடுவுல பட்டுக்கூடு கட்டுச்சு. அப்புறம் ஒரு ராத்திரி சாம்பலும் பழுப்புமா ஒரு பூச்சி வெளிய வந்துச்சு. அழகுன்னு சொல்ல முடியாது. எனக்கோ ஒரே சந்தோசம். காலேஜ் பூச்சிப் பெட்டிக்கு ஒண்ணு குறைஞ்சுட்டு இருந்துச்சு. ஊசியை எடுத்தேன்.

அமுச்சி பார்த்துட்டே இருந்தாங்க.

"ஏங்கண்ணு, எலை போட்டு வளத்துனது கொல்றதுக்கா?"

சீமாறோட வந்த அதே அமுச்சி!

பதில் சொல்ல வரல. போட்டோ மட்டும் எடுத்துட்டு மூடியைத் திறந்துட்டேன். பெட்டியில ஒரு இடம் காலி, மார்க்கும் போகும். போகட்டும்.

உங்க வீட்டுப் புளியமரத்துல 'தேள்' தெரிஞ்சா, அடிக்கறதுக்கு முன்னாடி தள்ளி நின்னு காலை எண்ணுங்க மக்களே.