சும்மா வந்த டப்பா

தென்காசியில் என் மகள் பிறந்த மூன்றாம் நாள், பிரசவ வார்டில் ஒருவர் என் கையில் பால் பவுடர் டப்பாவைத் திணித்தார். “உங்களுக்குப் பால் பத்தாதும்மா. சும்மாதான், வச்சுக்கோங்க.” அந்த டப்பா தீர்ந்து, அடுத்ததைக் காசு கொடுத்து வாங்கியபோது எனக்குப் பால் குறைந்துபோயிருந்தது. மாமி என் உடம்பைக் குறை சொன்னார். நானும் அதையேதான் நம்பினேன்.

அன்வர் ஃபசல் பற்றிப் படித்தது பல வருடம் கழித்து. பினாங்குக்காரர். கடையநல்லூர், தென்காசி முஸ்லிம் வீடுகளில் பினாங்கு என்றால் தைலமும் கைலியும் வருகிற ஊர். ஆண்கள் போக, பெண்கள் கடிதத்துக்குக் காத்திருந்த ஊர். இப்படி ஒருவர் அங்கே இருப்பதை யாரும் சொன்னதில்லை. 1978 முதல் 1984 வரை உலக நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைவர். மார்ச் 15 நுகர்வோர் உரிமை நாளானது அவர் யோசனையில்தான். (மலேசியாவில் ‘பயனீட்டாளர்’ என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கிறது.) 1979-ல் பால் பவுடர் விற்பனை முறைகளைக் கேள்வி கேட்ட ‘இப்ஃபான்’ வலையமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1981-ல் உலக சுகாதார சபை அதற்கு நெறிமுறை வகுத்தது. இந்தியாவில் 1992-ல் சட்டமே வந்தது: தாய்மாருக்கு இலவச டப்பா தரக்கூடாது, டப்பாவில் குழந்தை படம் கூடாது.

என் மகள் பிறந்தது அந்தச் சட்டத்துக்குப் பிறகு.

ஆனால் தாய்ப்பால் பேச்சில் எனக்கு ஒரு சண்டையும் உண்டு. ஆகஸ்ட் முதல் வாரம், குற்றாலத்தில் சீசன் இருக்கும்போதே, தாய்ப்பால் வாரமும் வரும். அதை நடத்தும் ‘வாபா’ அமைப்பும் பினாங்கில்தான். அதைத் தொடங்கியதிலும் ஃபசலுக்குப் பங்குண்டு. போன சீசனில் மெயினருவிக் கூட்டத்தில், உட்கார இடம் கிடைக்காமல், ஒரு பெண் ஈரச் சேலையோடு நின்றபடியே பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பீடி சுற்றுகிறவள். “சுத்துன எண்ணிக்கைக்குத்தான் கூலி. லீவெல்லாம் யாருக்கா தர்றா?” 2017-ல் வந்த 26 வாரச் சம்பள விடுப்பு அவள் திண்ணைவரை வரவில்லை. அவளிடம் போய்த் தாய்ப்பாலின் மகிமையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஃபசலும் கூட்டாளிகளும் விற்றவனைக் கேள்வி கேட்டார்கள். நம் சுவரொட்டிகள் தாயைப் புகழ்ந்தே குற்றவாளியாக்குகின்றன.

மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் பையில் துணிகளுக்கு அடியில் அந்தச் சட்டத்தின் நகலை வைத்திருக்கிறேன். மாமி பார்த்துவிட்டு, “பிள்ளை பெறப் போறாளா, கோர்ட்டுக்குப் போறாளா?” என்று கேட்டார்.