ஆடியிலேயே பிறக்கும் ஜனவரி

சிவகாசியில் அடுத்த வருஷம் ஆடி 18 அன்றே பிறந்துவிடுகிறது. காலண்டர் அச்சகங்கள் பூஜை போட்டு, வரும் ஆண்டுக்கான மாதிரி ஆல்பங்களை வெளியிடும் நாள் அது. ஆகஸ்ட் 2 அல்லது 3. ஜனவரிக்கு ஐந்து மாதம் கிடக்கும்போதே வாடிக்கையாளரைத் தேடி ஏன் கிளம்புகிறார்கள் என்று பார்க்கப் போயிருந்தேன்.

நான் போன அச்சகத்தில் எந்திரங்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து மாலை போட்டிருந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் புது ஆல்பங்கள் அடுக்கியிருந்தன. பூஜை முடிந்ததும் வெளியூர் ஏஜென்ட்கள் ஆளுக்கொன்றாக வாங்கி, அங்கேயே உட்கார்ந்து புரட்டத் தொடங்கினார்கள். முருகன், பிள்ளையார், லட்சுமி, மெக்கா மதீனா, வேளாங்கண்ணி மாதா, காமராஜர், சிரிக்கும் குழந்தை, அருவி. எல்லா மதத்தவரும் வந்துபோகும் கடைகளுக்காக மும்மதப் படமும் இருந்தது.

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடிக்கத் தொடங்கி வளர்ந்த அச்சுத் தொழில் இது. பக்கத்துக் கோவில்பட்டியில் இருந்து ஓவியர் கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் இங்கே அச்சாகித்தான் வீடு வீடாகப் போயின. படம் இன்றைக்கும் முக்கியம்தான். ஆனால் எல்லா ஏஜென்ட்களின் பையிலும் ஏறக்குறைய இதே சாமிகள்தான் இருக்கின்றன. அப்படியானால் புது ஆர்டர் யாருக்குக் கிடைக்கிறது?

அச்சகத்துக்காரர் முதலில் தொழிலின் சூட்சுமத்தைச் சொன்னார். படத்தை மொத்தமாக அடித்து வைத்துவிடுகிறார்கள். கடைப் பெயர் வரும் இடம் மட்டும் காலி. ஆர்டர் வந்த பிறகு அந்தக் கடையின் ‘மேட்டரை’ அதில் ஏற்றுகிறார்கள். அதனால்தான் பெரிய ஜவுளிக்கடைக்குக் கிடைக்கும் அதே பளபளப்பு, நூறு காலண்டர் கேட்கும் மளிகைக்கடைக்கும் கட்டுப்படியாகிறது. “பெரிய பார்ட்டி நம்மளத் தேடி வந்துருவாங்க. சின்ன பார்ட்டியை நாமதான் தேடிப் போகணும். அதுக்குத்தான் ஏஜென்ட்” என்றார்.

அப்படித் தேடிப் போகும் ஒருவருடன் சாத்தூர் கடைவீதிக்குப் போனேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, கடைக்குள் கால் வைக்கும் முன் சுவரைப் பார்த்தார். “யாரு கொடுத்த காலண்டர் தொங்குதுன்னு பாருங்க. வேற கடைப் பேர் போட்ட காலண்டர் தொங்குனா, இவரு இன்னும் அடிக்கலன்னு அர்த்தம். நமக்கு வேலை இருக்கு.”

முதல் கடை ஹார்டுவேர். முதலாளி ஆல்பத்தைத் தொடக்கூட இல்லை. “இந்த வருஷம் வேண்டாம் அண்ணாச்சி. யாவாரம் மட்டம்.” ஏஜென்ட் மல்லுக்கட்டவில்லை. பெயின்ட் விலையை விசாரித்தார். மகன் கல்லூரியில் சேர்ந்தாச்சா என்று கேட்டார். வெளியே வந்ததும் நீளமான நோட்டைப் பிரித்து எழுதினார்: ‘ஹார்டுவேர். தீபாவளிக்கு முன் கேட்க. அப்பாதான் முடிவு. அப்பா சாயங்காலம் இருப்பார்.’

அந்த நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பக்கம். போன வருஷம் எத்தனை, எந்தப் படம், பணம் எப்போது வந்தது, எதில் குறை சொன்னார்கள், கல்லாவில் இருப்பவர் யார், உண்மையில் தீர்மானிப்பவர் யார். வேண்டாம் என்றவர்களின் பக்கம் எதுவும் கிழிக்கப்படவில்லை. காரணம் மட்டும் எழுதியிருந்தது. “பணம் இல்லன்னு சொன்னவரு வேற, படம் பிடிக்கலன்னு சொன்னவரு வேற. ரெண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னா ரெண்டு பேருமே போயிருவாங்க.”

அடுத்தது, திறந்து சில மாதமே ஆன பேக்கரி. புதுசாகப் போர்டு மாட்டிய கடைகளுக்கு ஏஜென்ட் தனி மரியாதை கொடுக்கிறார். அங்கே ஆல்பத்தைக் கடைசியில்தான் திறந்தார். முதலில் போர்டைப் போட்டோ எடுத்து அச்சகத்துக்கு வாட்ஸ்அப் செய்தார். அன்று சாயங்காலமே கடைப் பெயர் போட்ட மாதிரிப் படம் பேக்கரிக்காரரின் போனுக்கு வந்துவிடும் என்றார். வெறும் முருகன் படத்தைப் பார்ப்பவர் விலை கேட்பார். தன் பெயரோடு பார்ப்பவர் போன் நம்பர் சரியா என்று பார்ப்பார்.

ஏஜென்டின் வருஷம் தமிழ் மாதத்தில் ஓடுகிறது. ஆடியில் காட்டுவது. ஆவணியில் ஞாபகப்படுத்துவது. தீபாவளி வியாபாரத்தில் கையில் காசு புரளும்போது அட்வான்ஸ். அரசு விடுமுறைப் பட்டியல் வந்து சிவப்புத் தேதிகள் உறுதியாவதும் அதையொட்டித்தான். கார்த்திகையில் புரூஃப், மார்கழியில் டெலிவரி. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. தையில் ஒரு சுற்று இருக்கிறது, ஆல்பம் இல்லாமல். அட்டை வளைந்ததா, தாள் உதிர்கிறதா, ஜனங்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்க மட்டும். “விக்கிறதுக்கு இல்லாம ஒரு தடவை போகணும். அடுத்த ஆடியில நமக்கு நாற்காலி போடுறது அதுக்குத்தான்.”

கடைசியாகப் போன மருந்துக்கடையில் கதை மறுபக்கம் திரும்பியது. காலண்டர் வாங்குகிறவருக்கும் அதே பாடுதானே, காலண்டரைக் கொண்டு அவர் தன் வாடிக்கையாளரைப் பிடிக்க வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்த வருஷத்தில் ஒரே வீட்டுக்கு நாலு போய்ச் சேர்ந்தது என்றார் கடைக்காரர். இப்போது மாதாமாதம் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குகிறவர்களுக்கும், தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும்தான் முதலில். கொடுக்கும்போதே பெயரையும் நம்பரையும், அவர்கள் சம்மதித்தால், எழுதிக்கொள்கிறார். மாத்திரை தீரும் நாளுக்கு முன்னால் ஒரு போன்: “மாத்திரை முடியப்போகுது, எடுத்து வைக்கட்டுமா?”

ஒரு காலண்டர் 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 365 நாளுக்கு வகுத்தால் நாளுக்குச் சுமார் 11 காசு. இவ்வளவு மலிவாக ஒரு வீட்டுச் சுவரில் இடம் பிடிக்கும் வேறு விளம்பரம் கிடைப்பது அரிது. ராகு காலமும் நல்ல நேரமும் போனிலேயே வந்துவிட்டதே என்று கடைக்காரரிடம் கேட்டேன். “வரட்டும். போன்ல ராகு காலம் பாக்குறவங்க பக்கத்துல என் கடைப் பேரு இருக்காதுல்ல” என்றார். கொஞ்சம் யோசித்து, “ஆனா காலண்டரை மாட்டிட்டா மட்டும் ஆளு வந்துரமாட்டாங்க. அந்தப் போனைப் போடணும்” என்றும் சொன்னார்.

ஏஜென்டின் தை மாதச் சுற்றும் மருந்துக்கடைக்காரரின் போனும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆல்பமும் காலண்டரும் அறிமுகத்தோடு நின்றுவிடும். யார் என்ன காரணத்துக்காகத் தள்ளிப்போட்டார், எப்போது திரும்ப வரச்சொன்னார் என்று எழுதிவைத்து, சொன்ன மாதத்தில் போய் நிற்பவருக்கே ஆர்டர் விழுகிறது. சிறுகடைக்காரர் அதற்குச் செலவழிக்க வேண்டியது ஒரு நோட்டும், மாதத்தில் சில மணி நேரமும்தான்.